பவர் யார் பேரில்

மூன்றாவது மாடியில் ஏறி நின்று குப்புராஜ் கேட்ட முதல் கேள்வி, "மண்ணு எங்க கீது?" என்பதுதான்.

பில்டர் ஜெபராஜுக்குப் புரியவில்லை. "மண்ணு வேலை எல்லாம் எப்பவோ முடிஞ்சுது பெரியவரே. இப்ப பூச்சு ஓடுது" என்றார்.

"அத்தக் கேக்கலப்பா. என் புள்ள வூடு வாங்குறான். வூடு அந்தரத்துல தொங்கிகினு கீது, சரி. அவனுக்கு மண்ணு எங்க கீது?"

"ஓ, யூடிஎஸ் கேக்குறீங்களா? முந்நூத்து நாப்பது சதுரடி வருது. பத்திரத்துல தெளிவா போட்டுருவோம்."

"எந்த மூலையில?"

"மூலைன்னு எல்லாம் கிடையாது. எட்டு ஃபிளாட். மொத்த மனையிலயும் எட்டு பேருக்கும் பங்கு. பிரிக்காத பங்கு."

"எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"கரெக்ட்."

"அப்ப எங்கயும் இல்ல."

சூர்யா கையிலிருந்த போனைப் பார்த்தபடியே, "நைனா, உலகத்துல எல்லா ஃபிளாட்டும் இப்படித்தான்" என்றான். அவன் பெண்டாட்டி ஹேமாவதி சமையலறை வரப்போகிற இடத்தில் நின்று, மிக்ஸி எங்கே வைப்பது என்று காற்றில் கையால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

குப்புராஜ் இடுப்பில் இருந்த சாவியை எடுத்துப் பூச்சைச் சுரண்டினார். மணல் உதிரவில்லை. இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். நல்ல சத்தம்தான் வந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கென்று நாலு நல்ல கல்லை மேலே போட்டு வைத்திருப்பார்கள்.

குப்புராஜுக்கு வயது எழுபத்தொன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு. யாரையும் நம்பாதவர். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனை நிறுத்தித் தராசில் தூக்கிக் காட்டச் சொல்வார். மாத்திரை அட்டையை இரண்டு கடையில் காட்டி ஒரே மாத்திரைதானா என்று கேட்பார். இப்படி இருந்துதான் இத்தனை வருஷம் ஏமாறாமல் இருந்ததாக அவருக்கு நினைப்பு. உண்மையில் அவரிடம் ஏமாற்றுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. சேலையூரில் பழைய ஊருக்குள் ஓட்டு வீடு ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இருந்தது. கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் பத்து சென்ட், கிணற்றோடு. தொண்ணூற்று நாலில் விற்றார். வந்த பணத்தில் ஒரு டெம்போ வாங்கினார், டெம்போ படுத்துக்கொண்டது. மிச்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டு வைத்து, மகன் பெரியவன் ஆனதும் மஸ்கட்டுக்கு அனுப்பினார். அங்கே ஏசி மெக்கானிக்காகப் போன சூர்யா பதினாலு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகி, பேங்க் லோனும் போட்டு, இப்போது அதே ஒரு ஏக்கர் பத்து சென்ட்டின் மேல் மூன்றாவது மாடியில் எங்கேயும் இல்லாத முந்நூற்று நாற்பது சதுரடியைத் திரும்ப வாங்குகிறான்.

ஆமாம், அதே நிலம்தான். இதை ஜெபராஜிடம் சொல்லக்கூடாது என்று குப்புராஜ் மகனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அப்பன் நெலம்னு ஆசைல வாங்குறான்னு தெரிஞ்சா வெலைய ஏத்திடுவான்."

"நீ விக்காம இருந்தா நான் ஏன் நைனா மஸ்கட்ல வெயில்ல காயணும்?" என்றான் சூர்யா.

"வித்ததாலதான்டா நீ மஸ்கட்டே போன."

இதற்கு மேல் அப்பனும் மகனும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சூர்யாவுக்கு லீவு இருபத்தைந்து நாள். இந்த முறை போகும்போது ஹேமாவதியையும் பெண்ணையும் ஃபேமிலி விசாவில் கூட்டிப்போகிறான். ஒரு வருஷம் அங்கே இருந்துவிட்டு, வீடு முடிந்து, பெண்ணுக்கு ஆறாம் வகுப்பு அட்மிஷன் வரும்போது இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் கிரயப் பத்திரம் பதிவது இன்னும் நாலு மாதம் கழித்து. அப்போது சூர்யா இருக்கமாட்டான். அவனுக்காகக் கையெழுத்துப் போட, பேங்க்குக்குப் போக, கரண்ட் கனெக்‌ஷன் வாங்க, சாவியை வாங்க இங்கே ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

குப்புராஜுக்கு அந்தப் பவர் வேண்டும்.

வீடு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மூன்றாவது மாடியில் ஏறி இறங்க அவர் முழங்காலுக்குத் தெம்பில்லை. பதினாலு வருஷமாக மஸ்கட் பணம் ஹேமாவதியின் கணக்குக்குத்தான் வந்தது. அதையும் அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம். ஆனால் இது பத்திரம். மகன் தன் அப்பனை என்னவென்று நினைக்கிறான் என்பது இதில் எழுத்தில் வந்துவிடும்.

போட்டிக்கு ஒரே ஒரு ஆள் இருந்தான். ஹேமாவதியின் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், எல்லா ஃபாரமும் நிரப்பத் தெரிந்தவன்.

"ஃபாரம் ரொப்புறவன நம்பாதடா. அவனுக்கு எங்க இன்னா எழுதலாம்னு தெரியும்" என்றார் குப்புராஜ்.

"பாக்கலாம் நைனா."

"பாக்குறதுக்கு இன்னா கீது?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" அவரை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. மூன்றாம் நாள் முடிவு செய்தார். ஜெராக்ஸ் கடைக்காரனால் செய்ய முடியாததை ஒன்று செய்துகாட்ட வேண்டும். இந்த ஜெபராஜ் எங்கோ ஓட்டை வைத்திருப்பான். எவனும் ஓட்டை இல்லாமல் விற்கமாட்டான். அதைப் பிடித்து மகன் முன்னால் போட வேண்டும்.

"பேங்க் வக்கீல் பாத்து ஓகே சொல்லிட்டார் நைனா" என்றான் சூர்யா.

"பேங்க்காரன் அவன் துட்டுக்குப் பாப்பான். உனக்கா பாப்பான்? அந்த ஜெராக்ஸ் எல்லாத்தையும் குடு."

பத்திர நகல்களை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் வக்கீல் யக்ஞநாராயணனிடம் போனார். ஐம்பது வருஷமாக நிலப் பத்திரம் மட்டுமே பார்க்கிற மனிதர். குப்புராஜ் தன் பெயரைச் சொல்லவில்லை. வக்கீலுக்கு எதற்குப் பெயர் தெரிய வேண்டும்? "மஸ்கட்ல கீற சூர்யாவோட அப்பா" என்று மட்டும் சொன்னார்.

"முப்பது வருஷத்துக்குப் பார்த்தா போதும் பெரியவரே, வழக்கம் அதுதான்" என்றார் வக்கீல்.

"போதாது சார். மொத ஆளு வரைக்கும் போ. எவன் எவன்கிட்ட இன்னா சொல்லி வித்தான்னு எனக்கு ஒண்ணொண்ணா தெரியணும்."

"செலவாகுமே."

"ஆவட்டும்."

ஒரு வாரம் கழித்துப் போனார். வக்கீல் மேஜையில் பத்திரங்கள் வரிசையாக, நூல் கட்டி இருந்தன.

"உட்காருங்கோ. எல்லாம் பார்த்தாச்சு. பில்டர் சுத்தம். அவருக்கு மனையை வித்தவங்க சுத்தம். லேஅவுட் போட்டவர் சுத்தம். வரி பாக்கி கிடையாது, அடமானம் கிடையாது. இவ்வளவு ஒழுங்கான பத்திரம் நான் பார்த்து நாளாச்சு."

குப்புராஜுக்கு முகம் விழுந்துவிட்டது. "நல்லா பாத்தியா சார்?"

"ஒரே ஒரு இடத்துல மட்டும் இடிக்கறது."

குப்புராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "நான் சொன்னேன்ல! எனக்கு அந்தாளு மூஞ்சப் பாத்தப்பவே தெரியும். ஜெபராஜ்தான?"

"ஜெபராஜ் இல்லை. எல்லாத்துக்கும் ஆதி பத்திரம் இது, தொண்ணூத்து நாலு." வக்கீல் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். "சேலையூர் கிராமம், காலஞ்சென்ற பொன்னுரங்கம் குமாரர் குப்புராஜ். இவன்தான் லேஅவுட்காரருக்கு வித்திருக்கான்."

குப்புராஜ் நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நிலம் அப்பா பொன்னுரங்கம் சொந்தமா வாங்கினது. அவர் உயில் எழுதாம போயிட்டார். அப்படின்னா பிள்ளைக்கும் பொண்ணுக்கும் சமபங்கு. இவன் என்ன எழுதியிருக்கான் பாருங்கோ. 'என்னைத் தவிர மேற்படியாருக்கு வேறு வாரிசுகள் எவரும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' இந்த உறுதியை நம்பித்தான் அப்புறம் எல்லாரும் வாங்கியிருக்கா. அந்தக் காலத்துல விவசாயி வீட்டுல ஒத்தைப் பிள்ளையா? எனக்கு நம்பிக்கை வரலை. நீங்க அந்த ஊர்தானே? இந்தக் குப்புராஜுக்கு அக்கா, தங்கச்சி யாராவது உண்டா?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

"ஆள் உயிரோட இருக்கானா?"

"கீறான்."

"எப்படிப்பட்டவன்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதனைப் பற்றிக் கருத்துச் சொல்ல குப்புராஜுக்குத் தயக்கமாக இருந்தது. "நம்ப முடியாது சார்" என்றார் கடைசியில்.

"அப்ப கண்டிப்பா விசாரியுங்கோ. தங்கச்சின்னு ஒருத்தி இருந்து, நாளைக்கு அவ பிள்ளைகள் கேஸ் போட்டா, குடும்பத்தோட குடியேறின உங்க பிள்ளைதான் கோர்ட்டுக்கு அலையணும். அப்படி இருந்தா அந்தம்மா ஒரு ஒப்புதல் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். 'அண்ணன் வித்தது எனக்குச் சம்மதம், எனக்குப் பங்கு வேண்டாம்'னு. அது போதும்."

தங்கை இருந்தாள். அங்காளம்மாள். கல்யாணம் ஆகி ஏழெட்டு வருஷத்தில் அப்பா இறந்தார். நிலத்தை விற்கும்போது அவளிடம் கேட்க வேண்டும் என்று குப்புராஜுக்குத் தோன்றவில்லை. நகை போட்டு, கறவை மாடு ஓட்டிவிட்டு அனுப்பிய பெண்ணுக்கு அப்புறம் என்ன பங்கு? ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் எழுதின பிறகு ஒரு பயம் வந்துவிட்டது. அவளைப் பார்த்தால் கேட்டுவிடுவாள். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். சொல்லி அனுப்பினாள். சீர்த்தட்டோடு போனால் பந்தியில் வைத்துப் பங்கு கேட்பாள் என்று குப்புராஜ் போகவில்லை. உச்சிப்பொழுது வரை காத்திருந்து, பங்காளி ஒருத்தன் மடியில் வைத்துக் குத்தினார்கள் என்று பிறகு காதில் விழுந்தது. அதோடு போக்குவரத்து நின்றது. சூர்யா விவரம் தெரிந்து கேட்டபோது, "உங்கத்த நகைக்காகச் சண்ட போட்டுகினு போயிட்டா" என்று சொல்லிவைத்தார். முப்பது வருஷம் சொன்னதில் அவரே பாதி நம்பிவிட்டார்.

இப்போதும் சும்மா இருந்திருக்கலாம். பேங்க் வக்கீல் விட்டுவிட்டார். யக்ஞநாராயணனிடம் "தங்கச்சி எல்லாம் இல்ல சார்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் குப்புராஜால் அது முடியவில்லை. அங்காளம்மாள் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பார்த்துக் கேஸ் போட்டிருப்பார். எல்லாரையும் தன்னை வைத்துத்தான் அவர் அளப்பார். வேறு அளவுகோல் அவரிடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் திருமுடிவாக்கத்துக்குக் கிளம்பினார். பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம். பழைய கட்டிலும் ரோஜாச் செடியும் ஓடாத டிவியும் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. பஸ் மாறி, ஷேர் ஆட்டோ மாறிப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், பட்டறை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிற ஒரு ஷீட் வீட்டின் முன்னால் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள் அங்காளம்மாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் சாவலம்மே."

"அப்ப உக்காரு. சாம்பார் ஊத்திட்டு வரேன்."

வரும் வழியெல்லாம் ஒரு பொய் தயார் செய்திருந்தார். அப்பா பெயரில் சர்க்காரில் ஏதோ பழைய பணம் நிற்கிறது, வாங்க உன் கையெழுத்தும் வேண்டும் என்று. வாயைத் திறப்பதற்குள் அவளே, "நெலத்துக்குக் கையெழுத்தா?" என்றாள்.

குப்புராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? முப்பது வருசமா வராத அண்ணன் வந்து நிக்கிற. நான் இன்னா அவ்ளோ அழகாவா கீறேன், பாத்துட்டுப் போவலாம்னு வர? எங்க போடணும்?"

"இன்னாத்துக்குன்னு கேக்கமாட்டியா?"

"சொல்லு."

சொன்னார். சூர்யா, மஸ்கட், மூன்றாவது மாடி, வக்கீல், எல்லாம். தான் எழுதிக்கொடுத்த அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தங்கச்சியே இல்லன்னு எழுதிக் குடுத்தியே, அதான?" என்றாள் அங்காளம்மாள். "எங்க வூட்டுக்காரரு அப்பவே நகல் வாங்கிக்கினு வந்தாரு. வக்கீலாண்டகூடப் பேசிட்டாரு. கேஸ் போடலாம், கண்டிப்பா கெடைக்கும்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"கேஸ் போட்டா எனக்கு ஒரு அண்ணன் கீறான்னு நான் ருசு பண்ணணும். அதுக்கு ஒரு வக்கீல் வெச்சுக் காசு குடுக்கணுமா? பேஜாரு."

உள்ளேயிருந்து கையில் கிரீஸோடு ஒருத்தன் வந்தான். லேத் பட்டறை வைத்திருக்கிற அவள் மகன். "மாமாவா?" என்றான். அதிலே கோபம் இருக்கிறதா என்று குப்புராஜ் தேடிப் பார்த்தார். தெரியவில்லை. பெயர் என்ன என்று கேட்டார். பொன்னுரங்கம் என்றான். தன் மகனுக்குக் குப்புராஜ் வைக்காத அப்பா பெயரை இவள் வைத்திருந்தாள்.

"சரி, நீ எதுனா கேளு" என்றார் தங்கையிடம்.

"இன்னாத்த?"

"எதையாவது. ஒரு வளையல், புடவை, இன்னாவோ. சும்மா கையெழுத்துப் போட்டேன்னா எனக்கு எப்பிடி நம்பிக்க வரும்?"

அங்காளம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நல்லா கீதே! திருடுனதும் நீ, நம்பிக்க இல்லாததும் உனக்கேவா?" மகனைப் பார்த்து, "டேய், உங்க மாமா லஞ்சம் குடுக்க வந்துகீறாருடா, உனக்கு எதுனா வேணுமா?" என்றாள்.

"எட்டாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு காணோம்" என்றான் அவன்.

குப்புராஜ் சிரிக்கவில்லை. "சூர்யாக்குத் தெரியக் கூடாதும்மே" என்றார்.

"நான் சொல்லமாட்டேன். சோறு துன்னுட்டுப் போ."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காட்டிக்கொடுத்தது குப்புராஜ் தேடிப் பிடித்த வக்கீல்தான். குப்புராஜ் போய்த் தங்கையின் பெயரையும் சம்மதத்தையும் சொன்னதும், நிலம் இப்போது ஜெபராஜ் பேரில் இருப்பதால் ஒப்புதல் பத்திரத்தில் ஜெபராஜும் வர வேண்டும் என்று யக்ஞநாராயணன் அவருக்கு நகல் அனுப்பினார். அதிலிருந்த அண்ணன் பெயர் சூர்யாவின் அக்ரிமெண்டில் அப்பா பெயராக இருப்பதைப் பார்த்த ஜெபராஜ் சூர்யாவுக்குப் போன் போட்டார். அப்போது வீட்டில் பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கை வேலையாக இருந்ததால் சூர்யா ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், உங்க அத்தை பேரு அங்காளம்மாள்தானே? ஆதார்ல எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. அவங்க எட்டு ஃபிளாட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடறதா சொல்லிட்டாங்களாம், ரொம்ப பெரிய மனசு சார். ஆனா ஃபர்ஸ்ட் ஓனர் உங்க அப்பான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே! ஒரே வாரிசுன்னு அவர் எழுதினது இவ்வளவு வருஷம் எவன் கண்ணுலயும் படல பாருங்க. அவரே வக்கீலு வெச்சு அவரையே பிடிச்சிருக்காரு. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல சார்."

ஹேமாவதி பருப்புப் பொடிப் பாக்கெட்டைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சூர்யா போனை அணைத்தான்.

"பில்டர நம்பாத, பேங்க்க நம்பாத, மச்சான நம்பாதன்னு சொன்னியே நைனா. ஒரு பேர விட்டுட்டியே."

"நான் தேடலன்னா உனக்குத் தெரிஞ்சிருக்குமாடா? பேங்க் வக்கீல் கோட்ட வுட்டான். நான் புடிச்சேன்."

"யாரப் புடிச்ச?"

ஹேமாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "மாமா சொல்றதும் சரிதாங்க. இல்லன்னா நமக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றாள். குப்புராஜ் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"நகைக்காகச் சண்ட போட்டாங்கன்னு சொன்னியே?" என்றான் சூர்யா. பதிலுக்கு நிற்காமல் அன்று சாயங்காலமே பெண்டாட்டியையும் பெண்ணையும் பைக்கில் வைத்துக்கொண்டு திருமுடிவாக்கம் போனான். திரும்பி வரும்போது பெண்ணின் கையில் ஒரு தூக்கில் மீன்குழம்பு இருந்தது. என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது சார்பதிவாளர் ஆபீஸில் இரண்டு பத்திரமும் பதிய டோக்கன் கிடைத்தது. ஒன்று அங்காளம்மாளின் ஒப்புதல். இன்னொன்று பவர். யார் பேரில் என்று சூர்யா சொல்லவில்லை, குப்புராஜும் கேட்கவில்லை. ஆனால் வெளுத்த சட்டை போட்டு, பையில் ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் வைத்துக்கொண்டு போனார். யோசித்துப் பார்த்தால் அவருக்குத்தான் வர வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடித்தது அவர், போய் அடைத்ததும் அவர். அந்த ஓட்டையை ஆதியில் போட்டது யார் என்பது பழைய விஷயம். ஜெராக்ஸ் கடைக்காரனும் வரவில்லை. அது நல்ல சகுனமாகத் தெரிந்தது.

அங்காளம்மாள் மகனோடு வந்திருந்தாள். ஒப்புதல் பத்திரம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. எட்டு வீட்டுக்காரர்களில் மூன்று பேர் வந்து அவளைக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் பழம் வெற்றிலைப்பாக்குத் தட்டோடு வந்திருந்தாள். அவர்களில் ஒருவர் குப்புராஜிடமே வந்து, "அந்த அண்ணன்காரன் இப்ப உயிரோட இருக்கானா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். குப்புராஜ் டோக்கன் போர்டைப் பார்த்தார்.

அடுத்து பவர். பத்திரம் எழுதுகிறவர் காகிதக் கட்டோடு வெளியே வந்து, "பவர் ஏஜெண்ட் யாருங்க? போட்டோ இன்னும் ஒட்டல" என்றார்.

குப்புராஜ் சட்டைப் பையில் கையை விட்டார்.

"அங்காளம்மாள்" என்று படித்தார் பத்திரம் எழுதுகிறவர்.

குப்புராஜின் கை பைக்குள்ளேயே நின்றது. சூர்யா பக்கத்தில் வந்து நின்றான்.

"அத்த பேர்ல போட்டுகீறேன் நைனா."

"ஏண்டா?"

"கெலிக்கிற கேஸ முப்பது வருசம் கையில வெச்சுகினு போடாம இருந்தவங்க. இவங்கள நம்பலன்னா நான் வேற யாரத்தான் நம்புறது, நீயே சொல்லு."

குப்புராஜ் சொல்லப் பார்த்தார். உலகத்தில் எந்த ஆளைப் பற்றியும் ஒரு குற்றம் அவர் நாக்கில் தயாராக இருக்கும். இவள் விஷயத்தில் எதுவும் வரவில்லை. "அவளுக்குக் கரண்ட் ஆபீஸ் எங்க கீதுன்னே தெரியாதே" என்றார்.

"உனக்குத் தெரியும்ல. இட்டுனு போ."

"இன்னாடா இது?"

"சாட்சி ரெண்டு பேரு வேணும். ஒண்ணு பொன்னுரங்கம். இன்னொண்ணு நீ போடு."

சாட்சி என்றால், இந்த அம்மாளை எனக்குத் தெரியும், இவர் இன்னார்தான் என்று கையெழுத்துப் போடுவது. ஆளைத் தெரியாதவன் போடக் கூடாது. குப்புராஜ் சுவரோரம் போய் நின்றுகொண்டார். இப்படியே வெளியே நடந்து போய் பஸ் ஏறிவிட்டால் என்ன என்று நினைத்தார். வேறு சாட்சி கிடைப்பான். டீக்கடையில் நிற்கிறவனே இருபது ரூபாய்க்குப் போடுவான்.

அதற்குள் அங்காளம்மாளை மேஜைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போட்டோ ஒட்டியாகிவிட்டது. பேனாவைக் கையில் கொடுத்து, பத்திரம் எழுதுகிறவர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் பேனாவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"ண்ணா, நீ சொல்லு. போடலாமா?"

குப்புராஜ் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

"என்னயா கேக்குற?"

"வேற எவன் எனக்கு அண்ணன்? எனக்குப் படிக்கவும் தெரியாது, இந்தாளு இன்னா எழுதிகீறானோ. நீ இதுல எல்லாம் கெட்டிக்காரன் இல்ல?"

கேலி செய்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தார். பாதி கேலிதான். மீதிப் பாதி என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. மேஜைக்கு நடந்து போனார். காகிதக் கட்டின் மேல் கையை வைத்தார்.

"படி" என்றார் பத்திரம் எழுதுகிறவரிடம்.

"எல்லாம் சரியா இருக்குங்க பெரியவரே. உங்க பையன் படிச்சுப் பார்த்துட்டாரு."

"அவன் படிச்சான், நான் கேக்கல. மொதல்லருந்து படி. அவ பேரு, அப்பா பேரு, ஊரு, ஒண்ணு வுடாம."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் குப்புராஜ் இரண்டு தடவை நிறுத்தினார். "மேற்படிங்கிறியே, அது யாரு?" என்றார். இரண்டாவது பக்கத்தில் கதவு எண்ணை ஆதாரோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். வீட்டை விற்கிற அதிகாரம் இதில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும், அதையும் எழுத்தில் காட்டு என்றார். சூர்யா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று.

"இன்னா பெரிசு, இன்னிக்கு முடியுமா, நாங்க நாளைக்கு வரட்டா?" என்று எவனோ கத்தினான்.

"இருங்கப்பா!" என்று குப்புராஜ் திரும்பிக் கத்தினார். "என் தங்கச்சி கையெழுத்துப் போடுறா. பாத்துத்தான் போடுவா." பத்திரம் எழுதுகிறவர் பக்கம் திரும்பி, "உம், மூணாவது பக்கம்" என்றார்.